கார்ட்டர் ரோடு பாறையில் ஒரு ‘செடி’

வணக்கம் சார்,

போன ஞாயிறு கடல் நன்றாக வற்றியிருந்தபோது மும்பை பாந்த்ராவின் கார்ட்டர் ரோடு பாறைகளில் நடந்தோம். ஒரு குட்டையில் கறுத்த தண்டும் நுனிகளில் வெளுத்த பொட்டுகளுமாக ஏதோ ஒட்டியிருந்தது. மனைவி கடற்பாசி என்றாள். போனில் இருக்கும் ஆப் ‘ஒபீலியா’ என்றது. கல்லூரியில் விலங்கியல் படித்த எனக்கும் அப்படித்தான் பட்டது. படங்களை இணைத்திருக்கிறேன். எது சரி?

— ஒரு வாசகர், செம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டுமே இல்லை. அது விலங்குதான், அதுவரை ஆப் சொன்னது சரி. ஆனால் ஒபீலியா அல்ல. பி.எஸ்ஸி. பாடத்தில் குழியுடலிகள் (ஜெல்லிமீன், பவளம் வகையறா) என்றாலே ஹைட்ராவையும் ஒபீலியாவையும்தான் வரையச் சொல்வார்கள். அதனால் கடலில் எந்த ஹைட்ராய்டை, அதாவது செடிபோல ஒட்டி வளரும் குழியுடலியை, கண்டாலும் நம் வாயில் அந்தப் பெயர்தான் முதலில் வருகிறது.

கிளைகளை விடுங்கள், நுனியைப் பாருங்கள். உங்கள் மூன்றாவது படத்தில் ஒரு பாலிப், அதாவது வாயும் உணர்கொம்புகளும் கொண்ட நுனிப் பொட்டு, தெளிவாக விழுந்திருக்கிறது. ஒபீலியாவின் பாலிப்புக்கு நிறமற்ற மெல்லிய கிண்ணம் ஒன்று உண்டு. தொட்டால் அதற்குள் சுருங்கிக்கொள்ளும். உங்களுடையதில் தண்டின் பழுப்பு உறை பாலிப்பின் கழுத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வெற்றுடம்பு. அடியில் நீண்ட மெல்லிய உணர்கொம்புகள் ஒரு வட்டமாக. வாய்ப்பக்கம் குட்டையானவை, ஒவ்வொன்றின் நுனியும் தீக்குச்சித் தலைபோல உருண்டிருக்கிறது. ஒரே பாலிப்பில் இரண்டு வகை. தண்டின் இருபுறமும் மாறிமாறிக் கிளைகள். பென்னேரியா டிஸ்டிகா என்று துணிந்து சொல்வேன். 1820இல் கோல்ட்ஃபுஸ் வைத்த பெயர். பழைய நூல்களில் ஹாலோகார்டைல் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், இதுவேதான். வெப்பக் கடல்கள் எங்கும் உண்டு. துறைமுகத் தூண்களிலும் ஒட்டி வளரும்.

ஒபீலியாவாகவே இருந்திருந்தால் படத்தை வைத்து நான் இனப்பெயர் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே எல்லாம் கிண்ணத்தின் விளிம்பில் இருக்கிறது. ஒபீலியா பைடென்டேட்டா என்ற இனம் என்றால் விளிம்பில் பற்கள், ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முனை. ஒபீலியா டைக்கோட்டமா என்ற இனம் என்றால் கிட்டத்தட்ட வழவழப்பு. மைக்ராஸ்கோப் இல்லாமல் இது ஆகாது. ஆப் எதை வைத்துச் சொல்கிறதோ!

இனப்பெருக்கக் காலத்தில் இன்னொரு அடையாளமும் கிடைக்கும். ஒபீலியாவில் குட்டி ஜெல்லிமீன்கள் தனியான ஒரு குப்பிக்குள் அரும்பி நீந்திப் போய்விடும். பென்னேரியாவில் பாலிப்பின் உடம்பிலேயே, அடிவட்டத்துக்குச் சற்று மேலே அரும்பும். அவற்றுக்கு உணர்கொம்பு பேருக்குத்தான். ஆயுளும் கொஞ்சம், சில பிரியாமலே முட்டையை விட்டுவிடும்.

மறுபடி போனால் பிய்த்தெடுக்காதீர்கள். வெறுங்கையால் தொடவும் வேண்டாம், கொட்டும். பத்து மடங்கு கைலென்ஸ் போதும். தண்ணீருக்கு வெளியே பாலிப் சுருண்டு வெறும் பொட்டாகிவிடும், ஆகவே குட்டைக்குள் இருக்கும்போதே படமெடுங்கள். கிளைகளுக்கு நடுவிலும் தேடுங்கள்: ஓடில்லாத கடல்நத்தைகள் ஹைட்ராய்டுகளை மேயும். அவற்றில் சில, தின்ற ஹைட்ராய்டின் கொட்டும் அணுக்களைச் செரிக்காமல் தம் முதுகு முளைகளில் சேர்த்துவைத்துத் தற்காப்புக்குப் பயன்படுத்தும். ஒன்று கிடைத்தால் அந்தப் படத்தையும் அனுப்புங்கள்.