குடும்ப எஸ்யூவிக்கு நான்கு சைக்கிள் ஏற்றும் ஹிட்ச் ரேக்: எதைப் பார்த்து வாங்குவது?

பெரியவர்கள் சைக்கிள் இரண்டு, அதில் ஒன்று மின்சைக்கிள், பிள்ளைகள் சைக்கிள் இரண்டு, இதற்கு எந்த ரேக் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ரேக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் வண்டிக்குப் பின்னால் குனிந்து, ஹிட்ச்சில் (டிரெய்லர் இழுக்கவோ ரேக் மாட்டவோ பம்பருக்கு அடியில் பொருத்தும் இரும்பு அமைப்பு) ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பலர் இதைப் படிக்காமலே ரேக்கை வாங்கிவிடுகிறார்கள். (உங்களுடையது சதுரக் குழாய் ரிசீவர், அதாவது ரேக்கின் தண்டைச் செருகும் குழாய் உள்ள ஹிட்ச், என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 50 மி.மீ. உருண்டை வைத்த டோபார் என்றால் ரேக் வேறு வகை, ஆனால் எடைக் கணக்கு அதற்கும் உண்டு.)

ஸ்டிக்கரில் இரண்டு எண் இருக்கும். பெரியது இழுவைத் திறன், அது உங்களுக்குத் தேவையில்லை. சிறியதுதான் டங் வெயிட், அதாவது ஹிட்ச்சை நேராகக் கீழே அழுத்தலாம் என்று அனுமதித்த எடை. ஹிட்ச்சுகளைத் திறனை வைத்து கிளாஸ் 1, 2, 3 என்று பிரிப்பார்கள். கிளாஸ் 1 ஹிட்ச்சுக்கு இது 200 பவுண்டு, ஏறக்குறைய 90 கிலோ. கிளாஸ் 2 என்றால் 350 பவுண்டு, ஏறக்குறைய 159 கிலோ. இந்த இரண்டிலும் குழாய் பெரும்பாலும் ஒன்றேகால் இஞ்ச். கிளாஸ் 3-லிருந்து இரண்டு இஞ்ச். வண்டியின் கையேட்டில் இதைவிடக் குறைந்த எண் இருந்தால் அந்தக் குறைந்த எண்தான் கணக்கு. சைக்கிள் ரேக்குக்கென்று தனி வரம்பு போட்டிருந்தால் அதை மட்டும் பாருங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மின்சைக்கிள் 25 கிலோ, மற்றது 15, பிள்ளைகளுடையது ஒவ்வொன்றும் 11. சைக்கிள் மட்டுமே 62 கிலோ. நான்கு சைக்கிள் பிளாட்ஃபார்ம் ரேக் (சக்கரங்களைத் தட்டில் நிறுத்தி வைக்கும் வகை) தானே 40 கிலோவை ஒட்டி வரும். மொத்தம் 102. கிளாஸ் 1 இங்கேயே அடிபட்டுப் போகிறது. "நான்கு சைக்கிள் தாங்கும்" என்று ரேக் பெட்டியில் அச்சிட்டிருப்பது ரேக்கைப் பற்றித்தான், உங்கள் ஹிட்ச்சைப் பற்றி அல்ல.

எடை மட்டும் போதாது, தூரமும் சேரும். முதல் தட்டு ஹிட்ச்சின் பின் துளையிலிருந்து (ரேக் கழன்று வராமல் குறுக்கே ஆணி போல் செருகும் பின் போகும் துளை) 40 செ.மீ. தள்ளி, கடைசித் தட்டு 1 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். மின்சைக்கிளை முதல் தட்டிலும் 11 கிலோ சைக்கிளைக் கடைசியிலும் வைத்தால் இந்த இரண்டால் மட்டும் ஹிட்ச்சை முறுக்கும் விசை (எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது) 10 + 11 = 21 கிலோ-மீட்டர். இரண்டையும் மாற்றி வைத்தால் 25 + 4.4, அதாவது 29.4. எடை அதேதான், இந்த இரண்டால் வரும் முறுக்கு 40 சதவீதம் கூடிவிட்டது. பள்ளத்தில் விழுந்து எழும்போது இது இன்னும் பெருகும். ஆகவே கனமானது எப்போதும் வண்டியை ஒட்டி. மின்சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வையுங்கள், மூன்று கிலோ போல குறையும். குழந்தை சீட், பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் இறங்கட்டும்.

ஒன்றேகால் இஞ்ச் குழாய்க்கு இரண்டு இஞ்ச் அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அடாப்டர் ரேக்கை இன்னும் பின்னுக்குத் தள்ளும், திறனை ஒரு துளிகூடக் கூட்டாது. குழாயை நீட்டும் எக்ஸ்டென்ஷன் போட்டால் திறனைப் பாதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றேகால் இஞ்ச்தான் இருக்கிறது என்றால் இரண்டு சைக்கிள் ரேக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது வண்டிக்குப் பொருந்தும் இரண்டு இஞ்ச் ஹிட்ச்சைப் போடுங்கள்.

வகைக்கு வருவோம். கம்பியில் தொங்கவிடும் ரேக் இலேசானது, விலையும் குறைவு. நேரான மேல்பார் உள்ள சாதாரண சைக்கிள்களுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைகள் சைக்கிளிலும் தாழ்ந்த பார் உள்ள மின்சைக்கிளிலும் தொங்கவிட இடமே இருக்காது. சீட் தண்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போடும் துணை பாருக்கும் எடை வரம்பு உண்டு, மின்சைக்கிளை அதில் தொங்கவிடாதீர்கள். உங்கள் நிலைமைக்குப் பிளாட்ஃபார்ம்தான். விலை கூடியதைத் தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், சைக்கிளின் வடிவம்தான் இதைத் தீர்மானிக்கிறது. அதிலும் ஃப்ரேமைத் தொடாமல், இரு பக்கமும் கை எழும்பி டயரை மட்டும் அழுத்திப் பிடிக்கும் வகையைத் தேடுங்கள். முன்சக்கரத்தின் மேல் ஒற்றைக் கொக்கி விழும் வகையில், மட்கார்டு இருந்தால் கொக்கி அதன் மேல் உட்கார்ந்து நசுக்கிவிடும். ஒவ்வொரு தட்டின் எடை வரம்பு, குறைந்தபட்ச சக்கர அளவு, டயர் அகலம் மூன்றையும் பாருங்கள். 20 இஞ்ச் சக்கரம் பெரும்பாலும் நிற்கும், 16 இஞ்சுக்குப் பல ரேக்குகளில் கை எட்டாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 11, 12 கிலோ சைக்கிளைச் செய்து விற்பது அநியாயம். முன் ஃபோர்க்கில் ஒரு ஸ்பிரிங், தடித்த இரும்பு ஃப்ரேம், பார்க்க ஜம்மென்று இருக்கும். பிள்ளையின் எடைக்கு அந்த ஸ்பிரிங் அசைவதே இல்லை. தன் எடையில் பாதியை மேட்டில் மிதிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் சைக்கிள் பிடிக்காமல்தான் போகும். நமக்கென்று வரும்போது ஒரு கிலோ குறைக்கக் காசு கொடுக்கிறோம்.

சரி, இஞ்ச் டேப்பை எடுங்கள். பின் துளையின் மையத்திலிருந்து பம்பர் வரை அளக்கவும். பின்கதவில் ஸ்டெப்னி தொங்கினால் அதன் வெளிவிளிம்பு வரை. மேலே தூக்கும் கதவுக்குச் சாய்க்கும் ரேக் போதும், சைக்கிளோடு சாய்த்தால் கதவு முழுதாகத் திறக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கவாட்டில் திறக்கும் கதவுக்கு, மொத்தமாக ஒரு பக்கம் விலகும் ரேக்தான் வேண்டும், அது இன்னும் கனம். சைலன்சர் வாய்க்கு நேரே சக்கரம் வந்தால் சூட்டில் டயர் உருகும், தட்டை நகர்த்த முடியாவிட்டால் சைக்கிளைத் திருப்பி வைத்தும் பாருங்கள்.

ரேக் குழாய்க்குள் ஆடுவதையும் கவனியுங்கள். 15 செ.மீ. உள்ளே போகும் குழாயில் 2 மி.மீ. இடைவெளி இருந்தால், 1 மீட்டர் தள்ளி அது 13 மி.மீ. ஆகிவிடும், ஒரு விரல் அகலம். வெறும் பின் மட்டும் போட்டால் இது போகாது. குழாயை ரிசீவர் சுவரோடு இறுக்கும் போல்ட்டோ, உள்ளே விரியும் ஆப்போ உள்ளதாக வாங்குங்கள். இரண்டு இஞ்சுக்கு 5/8 இஞ்ச் பின், ஒன்றேகாலுக்கு 1/2 இஞ்ச். கிளம்பி 20, 30 கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ரேக் நம்பர் பிளேட்டையோ பின்விளக்கையோ மறைத்தால் விளக்குப் பலகை தனியாக மாட்ட வேண்டியிருக்கும், உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். ரிவர்ஸில் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி வண்டியில் இருந்தால், ரேக் மாட்டியிருக்கும்போது அதை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் சென்சார் சைக்கிளையே தடையாக எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும்.