வரி பில் புகையிலை விலையைத் தாண்டிவிட்டது: பார்சலை எடுக்கலாமா, விடலாமா?

கேள்வி: வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து ஆன்லைனில் ஒரு பிரையர் மரப் பைப்பும், 50 கிராம் பைப் புகையிலை டப்பாக்கள் ஐந்தும் வாங்கினேன். எல்லாம் ஒரே பார்சலில் வந்திருக்கிறது. கூரியர் நிறுவனம் அனுப்பியுள்ள வரி பில், புகையிலைக்கு நான் கொடுத்த விலையைவிடப் பல மடங்கு அதிகம். இது சரியான கணக்குதானா? அடுத்த முறை ‘பரிசு’ என்று எழுதி, விலையையும் குறைத்துப் போட்டு அனுப்புவதாகக் கடைக்காரர் சொல்கிறார். மொத்தமாக எடுத்தால் 20% தள்ளுபடியும் உண்டாம். நாள்பட்ட புகையிலைக்கு மதிப்பு கூடும், அதனால் வாங்கி வைப்பதே ஒரு முதலீடு என்கிறார் நண்பர். இப்போது வரியைக் கட்டி பார்சலை எடுக்கவா, வேண்டாமென்று விட்டுவிடவா?

பதில்: பில்லில் தவறு இருக்கிறதா என்பதை அதன் விவரத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆனால் புகையிலையின் விலையை வரி தாண்டிவிட்டது என்பதை மட்டும் வைத்து அது தவறு என்று முடிவு செய்ய முடியாது. பல நாடுகளில் அது அப்படித்தான் இருக்கும், இருக்க வேண்டும் என்றே அந்த வரி போடப்படுகிறது.

உங்களுக்கு அது புகைப்பதற்கான ஒரே செட். சுங்கத் துறைக்கு அவை சம்பந்தமே இல்லாத இரண்டு சரக்குகள். உலகச் சுங்க அமைப்பின் சரக்குக் குறியீட்டு முறை 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் அதைப் பின்பற்றுகின்றன. முதல் 6 இலக்கங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் புகைக்கும் பைப்பும் அதன் கிண்ணமும் உதிரிப் பாகங்களும் 9614 என்ற தலைப்பில் வருகின்றன. பைப் புகையிலை 2403-இல், அதற்குள் பெரும்பாலும் 2403.19-இல் வரும். ஹூக்கா புகையிலைக்குத் தனியாக 2403.11 இருக்கிறது. இந்த எண்ணை வைத்துத்தான் வரி விகிதம் முடிவாகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுவான சுங்கப் பட்டியலில் பைப்புக்கு 2.7%, பைப் புகையிலைக்கு 74.9%. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு பொருளுக்கு இவ்வளவு வித்தியாசம். அதுவும் இது சுங்க வரி மட்டும்தான். மேலே இன்னும் இரண்டு அடுக்கு இருக்கிறது.

அந்த அடுக்குகளை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். விகிதங்கள் எல்லாம் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் நாட்டு எண்களை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பைப் விலை 100, அதன் பங்குக்கு அனுப்பும் செலவு 20. சுங்க வரி 5% என்றால் 6. இந்த 126-க்கு மதிப்புக்கூட்டு வரி 20% என்றால் 25.20. ஆக 151.20. வலிக்கும், ஆனால் தாங்கலாம்.

இப்போது புகையிலை. ஐந்து டப்பா சேர்த்து 60, அனுப்பும் செலவு 20, மொத்தம் 80. சுங்க வரி 50% என்று வைத்தால் 40. அடுத்து கலால் வரி. இது பெரும்பாலும் விலையைப் பார்க்காது, எடையைப் பார்க்கும். கிலோவுக்கு 400 என்றால் உங்கள் 250 கிராமுக்கு 100. இப்போது 80, 40, 100 மூன்றும் சேர்ந்து 220 ஆகிறது. மதிப்புக்கூட்டு வரி இந்த 220-க்குத்தான் போடப்படும், 80-க்கு அல்ல. வரிக்கும் வரி. அது 44. ஆக 264. கடையில் 12-க்கு வாங்கிய ஒரு டப்பா வீடு வந்து சேரும்போது 52.80 ஆகிவிடுகிறது, கூரியரின் கட்டணம் இன்னும் சேராமலே.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது அனுப்பும் செலவு. பெரும்பாலான நாடுகள் பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானச் செலவையும் காப்பீட்டையும் சேர்த்து, அந்த மொத்தத்துக்குத்தான் சுங்க வரி போடுகின்றன. அமெரிக்கா போன்ற சில நாடுகள் அதைச் சேர்ப்பதில்லை. உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம் இந்த முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டிருக்கிறது. அதனால், விரைவாக வரட்டும் என்று விலை கூடிய சேவையைத் தேர்ந்தெடுத்தால், பல இடங்களில் அந்தக் கூடுதல் செலவுக்கும் சேர்த்து வரி கட்டுகிறீர்கள். புகையிலைப் பார்சலில் அது உறைக்கும்.

இனி 20% தள்ளுபடி. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதே கணக்கில் புகையிலை விலையை 60-இலிருந்து 48 ஆக்குங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். மொத்தம் 264-இலிருந்து 242.40 ஆகிறது. அதாவது 20% என்று விளம்பரம் செய்த தள்ளுபடி உங்கள் கைக்கு வரும்போது 8% சொச்சம்தான். கடைக்காரர் தன் விலையைக் குறைக்கலாம். கலால் வரியோ கிராமை எண்ணுகிறது, டப்பா மலிவாகக் கிடைத்தது என்பதற்காக அது ஒரு காசும் இறங்காது. அந்த 8 சதவீதத்துக்காக மூன்று மடங்கு சரக்கு வாங்கினால், மூன்று மடங்கு கலால் வரியை இன்றே கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். ஓராண்டு பிடிக்கப்போகும் புகையிலைக்கு இன்றே வரி கட்டுவது லாபம் இல்லை. அந்தப் பணம் உங்கள் அவசரகால நிதியில் கிடந்திருக்க வேண்டியது.

எந்த வகைப் புகையிலை என்பதும் முக்கியம். பைப் புகையிலைக்கும், கையால் சுருட்டிப் புகைக்கும் மெல்லிய புகையிலைக்கும் வரி வேறு. ஐரோப்பிய ஒன்றிய விதியில், புகையிலைத் துகள்களின் எடையில் 25 சதவீதத்துக்கு மேல் 1.5 மில்லிமீட்டரைவிடக் குறைந்த அகலத்தில் வெட்டப்பட்டிருந்தால், அது சுருட்டும் புகையிலை. அதற்குக் குறைந்தபட்சக் கலால் வரி கிலோவுக்கு 60 யூரோ அல்லது விலையில் 50%. மற்ற புகைக்கும் புகையிலைக்கு 22 யூரோ அல்லது 20%. உறுப்பு நாடுகள் இதற்கு மேலே எவ்வளவும் போடலாம். அமெரிக்காவில் 2009 ஏப்ரல் 1-இலிருந்து மத்திய அரசின் வரி பைப் புகையிலைக்கு ஒரு பவுண்டு எடைக்கு 2.83 டாலர், சுருட்டும் புகையிலைக்கு 24.78 டாலர். அந்த இடைவெளியைப் பார்த்து, சுருட்டும் புகையிலையையே ‘பைப் புகையிலை’ என்று லேபிள் மாற்றி விற்கும் பழக்கம் அங்கே பெருகியது. அதனால் உங்கள் இன்வாய்ஸில் வெறுமனே ‘புகையிலை’ என்று இருந்தால், அதிகாரி எந்த வகையில் சேர்ப்பார் என்பது உங்கள் கையில் இல்லை. ‘பைப் புகையிலை, நிகர எடை 50 கிராம், 5 டப்பா’ என்று கடைக்காரர் தெளிவாக எழுதித் தரட்டும். நிகர எடை என்றால் உள்ளே இருக்கும் புகையிலையின் எடை. தகர டப்பாவின் எடையும் அதில் சேர்ந்துவிட்டதா என்று உங்கள் பில்லில் முதலில் பாருங்கள்.

‘பரிசு’ யோசனைக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். பரிசுக்கான சலுகை ஒரு தனிமனிதர் இன்னொரு தனிமனிதருக்குப் பணம் வாங்காமல் அனுப்புவதற்கு. கடை அனுப்புவது பரிசு ஆகாது. உண்மையான பரிசுக்குக்கூட புகையிலையில் தனி வரம்பு உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ மதிப்பு வரம்புக்குள் புகைக்கும் புகையிலை 50 கிராம்தான். உங்கள் ஐந்து டப்பாவில் ஒன்று. விலையைக் குறைத்துப் போடுவதும் பொய்யான சுங்க அறிவிப்புதான். பிடிபட்டால் சரக்கு பறிமுதல், அபராதம், அப்புறம் உங்கள் பெயருக்கு வரும் ஒவ்வொரு பார்சலும் திறந்து பார்க்கப்படும் நிலை. பார்சல் வழியில் தொலைந்தால், காப்பீடு தருவதும் அந்தப் பொய் விலையைத்தான். ஆபத்து முழுக்க உங்கள் தலையில், விற்பனை மட்டும் அவருக்கு. இப்படி யோசனை சொல்லும் கடையில் நான் ஒரு காசும் போட மாட்டேன்.

குறைந்த மதிப்புள்ள பார்சலுக்கு வரி இல்லை என்று கேள்விப்பட்டு, ஒவ்வொரு டப்பாவாகப் பிரித்து வரவழைக்கலாமா என்றும் தோன்றியிருக்கும். அந்தக் கதவும் சாத்தப்பட்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-இல் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. சலுகை இருந்த காலத்திலும் ஐரோப்பாவின் 150 யூரோ சுங்க விலக்கு மதுபானம், வாசனைத் திரவியம், புகையிலை மூன்றுக்கும் கிடையாது. சில நாடுகளில் கேள்வி வரியைப் பற்றியதே இல்லை, அனுமதியைப் பற்றியது. ஆஸ்திரேலியாவில் 2019 ஜூலை 1 முதல் பைப் புகையிலையை அனுமதி இல்லாமல் தபாலில் வரவழைக்கவே முடியாது. ஆர்டர் போடும் முன் உங்கள் சுங்கத் துறையின் தளத்தில் விகிதத்தைத் தேடுவதற்கு முன்னால், கொண்டுவர அனுமதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதனால்தான் பைப்பையும் புகையிலையையும் ஒரே பார்சலில் போடக் கூடாது என்கிறேன். புகையிலைக்கு அனுமதிக் கேள்வி எழுந்தால் பைப்பும் சேர்ந்து கிடங்கில் கிடக்கும். இன்வாய்ஸில் இரண்டுக்கும் தனித்தனி விலை இல்லாவிட்டால் மொத்தமும் கூடுதல் விகிதத்துக்குப் போகும் அபாயமும் உண்டு. தனியாக வந்தால் பைப் ஒரு சாதாரணப் பொருள். அதில் நியாயமாகவே மிச்சம் பிடிக்க வழிகளும் இருக்கின்றன. உங்கள் நாட்டுக்கும் பைப் தயாரான நாட்டுக்கும் வர்த்தக ஒப்பந்தம் இருந்தால் சுங்க வரி குறையலாம், அடியோடு நீங்கியும் போகலாம். அதற்குப் பார்க்கப்படுவது எங்கே செய்யப்பட்டது என்பது, எங்கிருந்து அனுப்பப்பட்டது என்பது அல்ல. கடைக்காரரிடம் மூல நாட்டு அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள். 100 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய பைப் என்றால் அது தொல்பொருளாக 9706 என்ற தலைப்பில் வரலாம். பல நாடுகளில் அதற்கு வரி குறைவு. ஆனால் வயதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. வெள்ளி வளையம் உள்ள பழைய பைப்புகளில் அந்த வளையத்தில் பொறித்த முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கலாம், இருந்தால் அதன் படம் உதவும். வாய்ப்பகுதியில் தந்தம் இருந்தால் தொடாதீர்கள். அழிந்துவரும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் அது வேறு வழக்காகிவிடும்.

பயணத்தில் வாங்கி வருவது பலருக்கும் இதைவிட மலிவு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் 17 வயது நிரம்பிய பயணி பொதுவாக 250 கிராம் வரை கொண்டுவரலாம். ஆனால் சிங்கப்பூரில் புகையிலைக்குச் சலுகையே இல்லை, முதல் கிராமிலிருந்து வரி. வரம்பு தாண்டினால் தானாகவே போய் அறிவித்துவிடுங்கள்.

முதலீடு என்று நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். மூடிய டப்பாவில் நாள்பட்டால் சில கலவைகளின் சுவை கூடுவது உண்மைதான். ஆனால் முதலீடு என்றால் விற்க முடிய வேண்டும். உரிமம் இல்லாமல் புகையிலை விற்பது பல நாடுகளில் குற்றம். விற்க முடியாத சரக்கில் போட்ட பணம் செலவுதான்.

ஒரு ஆலோசகராக இதையும் சொல்லியாக வேண்டும். இந்த வரி இன்னும் ஏறவே வாய்ப்பு அதிகம். புகையிலைப் பொருளின் சில்லறை விலையில் குறைந்தது 75% வரியாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2005-இல் நடைமுறைக்கு வந்த புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவும் விலையையும் வரியையும் பற்றியதே. புகையிலையால் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். பைப்பிலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் இருக்கிறது. ஒரு மாதம் எத்தனை டப்பா ஆகிறது என்று எழுதி, அதை 12-ஆல் அல்ல, வீடு வந்து சேரும் 52.80-ஆல் பெருக்கி, ஆண்டுக் கணக்காகப் பாருங்கள். அந்தத் தொகையைப் பார்த்தபின் நீங்கள் எடுக்கும் முடிவு உங்களுடையது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

சரி, கிடங்கில் இருக்கும் பார்சல். இன்றே கூரியரிடம் வரிக் கணக்கின் முழு விவரத்தைக் கேளுங்கள்: எந்தக் குறியீடு, எந்த மதிப்பு, எத்தனை கிராம், எந்த நாணய மாற்று விகிதம், அவர்களுடைய கட்டணம் எவ்வளவு. வரியை உங்களுக்காக முன்கூட்டிக் கட்டியதற்கு என்று ஒரு தொகை இருக்கும். அது அரசு வரி அல்ல. குறியீடோ எடையோ தவறென்றால், பணம் கட்டியதற்கான ஆதாரத்தையும் இன்வாய்ஸையும் வைத்து மறுமதிப்பீடு கேளுங்கள். காலக்கெடு குறுகியது, கிடங்கு வாடகையும் நாளுக்கு நாள் ஏறலாம். எல்லாம் சரியாக இருந்தால், புகையிலையை மட்டும் கைவிட்டு பைப்பை எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சில சுங்கத் துறைகள் அதை ஏற்கும். முடியாது என்றால், பைப்பின் விலையையும் புகையிலையின் விலையையும் கூட்டி, கேட்கும் வரியோடு ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்பினால் கடை எவ்வளவு பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே மறுப்புச் சொல்லுங்கள். போகும் செலவையும் வந்த செலவையும் உங்களிடமே வசூலிக்கும் கடைகள் உண்டு. அப்படியென்றால் வரியைக் கட்டி எடுப்பதே குறைந்த நட்டமாக இருக்கலாம்.