பாதம் மதமதக்கிறது, சிவாலய ஓட்டம் போகலாமா?

கேள்வி: வயது 54. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழில். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். சில மாதங்களாகப் பாதம் மதமதவென்று, பஞ்சில் மிதிப்பதுபோல் இருக்கிறது. வரும் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போவதாக நேர்ச்சை. வெறுங்காலோடு போகலாமா? விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது?

பதில்: பஞ்சில் மிதிப்பதுபோல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. சர்க்கரை நரம்பைத் தொட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம். சிவாலய ஓட்டம் என்றால் சிவராத்திரியை ஒட்டிக் குமரி மாவட்டத்துச் சிவன் கோயில்களை நடந்தும் ஓடியும் தொழுவது; முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல். கால் நன்றாக இருப்பவர் நண்பகல் தார் ரோடு சுட்டதும் ஓரத்து மண்ணில் இறங்கிவிடுவார். நீங்கள் சூடு தெரியாமல் 'கோவிந்தா, கோபாலா' என்று போய்க்கொண்டே இருப்பீர்கள். இப்படி வந்த கொப்புளம் புண்ணாகி, கடைசியில் விரலையே எடுக்கவேண்டி வந்தவர்கள் உண்டு.

அதனால் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ, பருத்திக் காலுறை. கோயில் வாசலில் கழற்றுங்கள், தொழுதுவிட்டு மறுபடி மாட்டுங்கள். நேர்ச்சைக்கு இதனால் குறை வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஓட்டத்தில் பலரும் கவனிக்காதது ஈரம். கோயிலுக்குக் கோயில் முங்கிவிட்டு ஈரக்காவியோடு கிளம்புவது வழக்கம். தண்ணீரில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும். திற்பரப்பில் குளித்துவிட்டு அப்படியே திருநந்திக்கரைக்கு ஓடாதீர்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலிடுக்காகத் துவர்த்தால் (துண்டால்) ஒற்றி எடுங்கள். காய்ந்த காலுறை மாற்றுங்கள். நாலு ஜோடியாவது பையில் இருக்கட்டும். உள்ளங்கால் உங்கள் கண்ணுக்கு எட்டாது, கூட வருபவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். சிவந்திருந்தாலோ கொப்புளம் தெரிந்தாலோ உடைக்காதீர்கள். அதோடு நடையை நிறுத்தி வண்டியில் ஏறுங்கள். ஈரத்துணி உரசித் தொடையிடுக்கும் புண்ணாகும், வாஸ்லின் களிம்பு தடவிக்கொள்ளலாம்.

இனி மாத்திரை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. பட்டினியும் நடையும் சேர்ந்தால் கிறக்கம், நடுக்கம், குளிர்ந்த வியர்வை, சில நேரம் மயக்கமே வரும். அன்றைக்கு அதைக் குறைப்பதா, விடுவதா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முழுப்பட்டினி கூடாது, வழியில் கொடுக்கும் கஞ்சியைக் குடியுங்கள். மற்ற நாளில் நான் தடுக்கும் பானகம், கிறக்கம் வந்தால் உங்களுக்கு மருந்து. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். கால் வலிக்கிறது என்று கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்குவதும் வேண்டாம். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதெல்லாம் பாதத்தைச் சோதித்த பிறகுதான். தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ இந்த வாரமே போங்கள். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பார்கள், கால் நாடியும் பார்ப்பார்கள். உணர்ச்சி நன்றாகக் குறைந்திருந்தாலோ, நாடி சரியில்லை என்றாலோ, புண் இருந்தாலோ, நடையே வேண்டாம். பைக்கிலும் வேனிலும் 12 கோயிலையும் தொழுதுவருபவர்கள் நிறையப்பேர். நீங்களும் வேனில் போய்வாருங்கள்.