சுவடிகளைக் காக்கப் பணம் கொடுப்பதென்றால் எதற்குக் கொடுப்பது?

அப்பாவின் நினைவாக அரிய சமயச் சுவடிகளைப் பாதுகாக்க ஒரு தொகை கொடுக்கலாம் என்றிருக்கிறேன், எதற்குக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அம்மாவின் திதியை ஒட்டி ஆறேழு வருடமாகக் கொடுத்து வருகிறேன். ஸ்கேன் எடுக்கக் கொடுப்பதற்கு ஆள் கிடைத்துவிடும், நீங்கள் ஓலை ஏட்டைத் துடைத்து எண்ணெய் போடுகிறவரின் சம்பளத்துக்குக் கொடுங்கள்.

முதல் தடவை நான் கொடுத்த பணத்தில் ஓரிடத்தில் இருபது கட்டுகளைப் படம் எடுத்தார்கள், நன்றாகவே எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் ஏடுகள் அதே ஓதம் ஏறிய அலமாரிக்குப் போய்விட்டன. இரண்டு மழைக்காலம் கழித்துப் பார்த்தால் ஒரு தேவாரக் கட்டில் பூச்சி மேலே உள்ள மரச்சட்டத்திலிருந்து கீழே உள்ள மரச்சட்டம் வரை துளைத்திருந்தது. வயிறு எரிந்தது. தில்லையில் பூட்டி வைத்த பதிகங்களைக் கறையான் தின்ற கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர்கள்தானே நாம்!

அப்புறம் ஒரு சுவடி நூலகத்தில் இந்த வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மெல்லிய தூரிகையால் ஏடு ஏடாகத் தூசி தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவுகிறார்கள். எழுத்தாணி கீறியது வெறும் கீறலாகத்தான் இருக்கும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்ததும் கரி கீறலுக்குள் மட்டும் நின்றுவிட, ஒன்றுமே இல்லாதது போலிருந்த ஓலையில் ‘திருச்சிற்றம்பலம்’ என்று கறுப்பாக எழுந்து வந்தது. கண் கலங்கிவிட்டது. ஒரு கட்டில் நூறு ஏடு இருந்தால் இருநூறு பக்கம் இப்படிச் செய்ய வேண்டும், சில வருடம் போனதும் மறுபடி எண்ணெய் போட வேண்டும். அதனால் மொத்தமாக ஒரு பெருந்தொகையைவிட வருடாவருடம் வரும் சிறு தொகைதான் அவர்களுக்கு உதவும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களில் உள்ள சைவச் சுவடிகள் சுமார் 11,000, பெரும்பாலும் கிரந்த எழுத்தில் (தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட எழுத்து) உள்ள ஆகமங்களும், அதாவது சைவ வழிபாட்டு நூல்களும், பூஜை முறைகளும். 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. அங்கே கொடுப்பதும் நல்லதுதான். ஆனால் என் மனம் போவது சிறிய மடங்களிலும் குருக்கள் வீடுகளிலும் அட்டவணைகூட இல்லாமல் கிடக்கும் கட்டுகளிடம். எங்கே கொடுத்தாலும் சரி, சுவடி இருக்கும் அறையை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள், கடைசியாக எப்போது எண்ணெய் போட்டார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலேயே கட்டு ஏதும் இருந்தால் கயிற்றை அவிழ்த்துப் பிரிக்காதீர்கள், காய்ந்த ஏடு அப்பளம் மாதிரி உடையும். சுத்தமான பருத்தித் துணியில் அப்படியே சுற்றிக் கொண்டுபோய்த் தெரிந்தவர்கள் கையில் கொடுங்கள்.