சாமி அறையில் எத்தனை சாமி?

அன்புள்ள ஐயா,

பல வருஷம் சென்னையில் இருந்துவிட்டுக் கண்டனூர் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டோம். மாமியார் காலத்துப் படங்கள், நாங்கள் கொண்டுவந்தவை, கோயில்களில் கொடுத்தவை என்று சாமி அறையில் 34 படங்கள் சேர்ந்துவிட்டன. பித்தளையில் பிள்ளையாரும் வேலும், ஐம்பொன்னில் சிறிய அம்மனும் தனி. எல்லாவற்றுக்கும் பூ வைத்து, ஒன்பது விளக்கேற்றி, தனித்தனிக் கிண்ணத்தில் நைவேத்தியம் வைத்து எழுந்திருக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. மூட்டுவலி வேறு. "பல சாமி கும்பிட்டால் மனசு சிதறும், ஒன்றைப் பிடி" என்று ஒரு சொற்பொழிவில் கேட்டதிலிருந்து குழப்பம். ஒன்றை மட்டும் கும்பிட்டால் மற்றவற்றுக்குக் குறை வைத்ததாகாதா? நகரத்தாரில் எங்கள் பிரிவுக்குரிய கோயில் மாத்தூர். வெளிநாட்டில் இருக்கும் மகன், பிள்ளையார் நோன்புக்கு அங்கே இழை எடுத்துக்கொள்ள (மாவில் ஏற்றிய திரியைச் சுடரோடு விழுங்க) பிள்ளையார் படம் மட்டும் போதுமா என்று கேட்கிறான்.

ஒரு வாசகி, கண்டனூர்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

உங்கள் மனசைச் சிதறடிப்பது சாமிகளின் எண்ணிக்கையா, 34 படத்திலும் நேற்றைய பூவை எடுக்கிற வேலையா? கடிதத்தைப் படித்தால் இரண்டாவதுதான் என்று படுகிறது.

யாதொரு தெய்வத்தை வழிபட்டாலும் அந்தத் தெய்வமாகி அங்கே சிவனே வருவான் என்கிறது சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். சித்தாந்தம் புழங்கிய உங்கள் ஊர்ப் பக்கத்தில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போன இடமெல்லாம் கிட்டங்கியில் (தொழில் நடத்திய கட்டடத்தில்) முருகனை வைத்துத்தான் தொழில் பார்த்தார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859இல் எழுந்தது அப்படித்தான். அதே மனிதர்கள் ஊருக்குத் திரும்பினால் பிள்ளையார்பட்டிக்கும் போனார்கள், குன்றக்குடிக்கும் போனார்கள், காரைக்குடி கொப்புடையம்மனுக்கும் நேர்ந்துகொண்டார்கள், நகரத்தார் பிரிவுகளுக்கான ஒன்பது கோயிலில் தங்கள் கோயிலுக்கு வரியும் கட்டினார்கள். ஒன்றா பலவா என்று யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

பூசை முறையிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஸ்மார்த்தர்கள் செய்யும் பஞ்சாயதன பூசையில் சிவன், விஷ்ணு, அம்பிகை, சூரியன், விநாயகர் என்று ஐந்து பேர். ஆனால் நடுவில் இருப்பவர் ஒருவர்தான். அவரவர் இஷ்ட தெய்வம் நடுவில், மற்ற நால்வரும் நான்கு மூலையில். சிவன் கோயிலிலும் மூலவருக்குத்தான் விரிவான உபசாரம், பரிவார தெய்வங்களுக்குச் சுருக்கம். வீட்டிலும் அதையே செய்யுங்கள். முதலில் பிள்ளையார், அடுத்து உங்கள் கோயில் சாமி, பிறகு இஷ்ட தெய்வம். முழுப் பூசை இஷ்ட தெய்வத்துக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஒரு பூ, ஒரு கும்பிடு. இஷ்ட தெய்வம் எது என்று ஜோசியரிடம் கேட்க வேண்டாம். படியில் கால் இடறினால் வாயில் என்ன பேர் வருகிறதோ அதுதான். வேல் வைத்திருக்கிறீர்கள், அநேகமாக முருகனாகத்தான் இருக்கும்.

அப்படியானால் கீழ்த்தட்டில் பிள்ளையார், நடுவில் வேல், பக்கத்தில் அம்மன். பின்னால் மாத்தூர் ஐநூற்றீசுவரர் பெரியநாயகி படம் ஒன்று. இவ்வளவுதான் தினப்பூசை. மிச்சத்தில் நல்ல நிலையில் இருக்கும் பழைய படங்களைப் பட்டாலை (கூடம்) சுவரில் மாட்டுங்கள். ரவி வர்மா அச்சுப் படம் ஏதாவது இருந்தால் அதில் சந்தனம் குங்குமம் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஈரச் சந்தனம் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கி, தாளில் பூஞ்சை கட்டிவிடும். பின்பக்க அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பழுப்பு வளையம் தெரிந்தால் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. கிழிந்து, முகம் அழிந்த படங்களை ஊருணியில் போடாதீர்கள். கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு வருவதும் கூடாது. தாளைத் தனியே எடுத்துத் தோட்டத்தில் கால்படாத மூலையில் புதைத்துவிட்டு, சட்டத்தையும் கண்ணாடியையும் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடலாம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புச் சாமான் பெட்டியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பங்காளிகள் கூடிச் செய்வது, தனியாக நீங்கள் இடம் மாற்ற வேண்டாம்.

விளக்கு ஒன்று போதும். ஒன்பது விளக்கால் உங்களுக்குக் கிடைப்பது சுவரில் கரிதான். இரண்டு இழைப் பஞ்சுத்திரியைச் சேர்த்துத் திரித்து, நல்லெண்ணெயில் முழுக்க நனைத்து, நுனி ஒரு நெல்மணி அளவு மட்டும் வெளியே தெரிய வையுங்கள். நுனி நீண்டால் எரிக்க முடிகிற அளவுக்கு மேல் எண்ணெயை இழுக்கும், அதுதான் புகை. சன்னல் காற்று நேரே பட்டாலும் புகையும். மெல்லிய திரிக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஒரு மணி நேரம் தாங்கும். ஏற்கெனவே கரி படிந்த சுவரை முதலில் உலர்ந்த பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். எடுத்த எடுப்பில் ஈரத்துணி வைத்தால் எண்ணெய்க்கரி சுண்ணாம்புப் பூச்சுக்குள் இறங்கிக் கறையாக நின்றுவிடும். விளக்குத் துலக்குவதைக் கிணற்றடியில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் மேல்பூச்சு சிமெண்டு, புளித்தண்ணி சொட்டினால் அரித்து வெள்ளைத் திட்டாகிவிடும், அப்புறம் எத்தனை எண்ணெய் தேய்த்தாலும் பளபளப்பு வராது.

அபிஷேகம் தினம் தேவையில்லை. செவ்வாய் வேலுக்கு, வெள்ளி அம்மனுக்கு. சின்ன விக்கிரகத்துக்குப் பால் அரை டம்ளர் தாராளம். பால் விட்டபின் மூன்று முறையாவது தண்ணீர் விட்டு, மெல்லிய துணியின் முனையைத் திரித்துக் காது மடல், கை இடுக்கு, பீடத்துச் சந்து எல்லாம் ஈரம் போகத் துடைக்க வேண்டும். அங்கே தங்குகிற பால்தான் பச்சைக் களிம்பாகிறது. ஐம்பொன்னைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். உலர்ந்த திருநீறு போதும். வேல் நுனியில் குத்திய எலுமிச்சம்பழத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள். நாலு நாள் விட்டால் அங்கேயும் களிம்புதான்.

மற்ற சாமிகளுக்குக் குறை வைப்பதாக நினைக்க வேண்டாம், அவரவர் நாள் இருக்கிறது. சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு அறுகம்புல், பிரதோஷத்துக்கு ஊர் நகரச்சிவன் கோயில், சனிக்கிழமை பெருமாளுக்குத் துளசி. துளசியைப் பிள்ளையாருக்கும் தாழம்பூவைச் சிவனுக்கும் வைப்பதில்லை. எல்லாப் பூவையும் ஒரே தட்டில் கலந்து வாங்கும்போது இந்தத் தப்பு நடக்கும்.

நைவேத்தியம் ஒரே தட்டு. சமைத்த சோற்றில் ஒரு கரண்டி, மேலே பருப்பு, ஒரு சொட்டு நெய். யாரும் ருசி பார்ப்பதற்கு முன் எடுத்து வையுங்கள். சோறு ஆகவில்லையென்றால் காய்ச்சின பாலில் சர்க்கரை. வாழைப்பழமானால் நுனித்தோலைக் கொஞ்சம் உரித்து வைக்க வேண்டும், சாப்பிடத் தயாராக இருப்பதைத்தான் படைப்பது. தட்டைச் சுற்றி ஒருமுறை நீர் விட்டு, மணி அடித்து, எல்லோருக்கும் பொதுவாகக் காட்டினால் முடிந்தது. ஒருவருக்குப் படைத்ததை இன்னொருவருக்கு வைக்கலாமா என்ற சந்தேகம், தனித்தனிக் கிண்ணம் வைப்பதால் வருவது. சாமி அறையில் எறும்பும் அதனால்தான். இத்தனையும் இருபது நிமிஷத்துக்குள் அடங்கும். தரையில் உட்காராமல் முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

மகன் கேட்டதற்கு: நோன்பு பிள்ளையாருடையது, பிள்ளையார் படம் மட்டும் போதும். திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து 21 நாள், புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக எடுத்துச் சேர்க்கட்டும். சில நாள் விட்டுவிட்டு மொத்தமாகப் பிரிப்பதுதான் வெளிநாட்டில் நடக்கிற தப்பு. படத்துக்குப் பக்கத்திலேயே வேட்டியை வைத்தால் மறக்காது. மார்கழியில் சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் 21 இழையையும் திரியாகத் திரித்து நெய்யில் நனைத்து இழை மாவில் வைக்க வேண்டும். பச்சரிசி மாவில் வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைகிற அந்த மாவு இளகலாக இருந்தால் திரி சாய்ந்துவிடும், அதனால் நெய்யைக் கடைசியில் சொட்டுச் சொட்டாக விடச் சொல்லுங்கள். உருண்டை ஒரே வாயில் போகிற அளவு. சுடரோடு விழுங்குவது என்பதால் திரி நுனி மாவுக்கு மேல் மிளகளவு தெரிந்தால் போதும், அதற்கு மேல் நீட்டினால் உதடு சுடும். அங்கே பெரியவர்கள் யாரும் இல்லையென்றால் வீடியோவில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, மருமகள் எடுத்துக் கொடுக்கட்டும். அடுக்களையில் புகை உணர்கருவி இருந்தால் அதற்கு நேர் கீழே மட்டும் உட்கார வேண்டாம்.