வர்ணனையாளர் தடுமாறுகிறாரா, நம் டிவி தடுமாறுகிறதா? ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணியான பாஸ்டன் புரூயின்ஸின் ஆட்டங்களை நெசன் தொலைக்காட்சியில் 2005 முதல் வர்ணித்துவந்த ஜாக் எட்வர்ட்ஸ் 2024இல் ஓய்வுபெற்றார். கடைசி சீசனில் அவருடைய பேச்சு மெதுவாகிவிட்டதை ரசிகர்கள் கவலையோடு கவனித்தார்கள். அதையொட்டி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி: சார், எட்வர்ட்ஸுக்கு என்னதான் ஆச்சு? பக்கவாதம் என்று கூடச் சொன்னார்களே?

பேச்சு மெதுவாகியிருப்பது தனக்கே தெரியும், மருத்துவர்களைப் பார்த்தாயிற்று, காரணம் பிடிபடவில்லை என்று 2024 ஜனவரியில் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு மேல் டிவி முன்னால் உட்கார்ந்து நாம் நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம். நாம் பேச வேண்டியது, மெதுவான பேச்சு ஹாக்கியில் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்பதைத்தான். ஓர் அணி தன் எல்லையிலிருந்து எதிரணியின் பிளூ லைனை (அவர்கள் பகுதியின் எல்லைக்கோட்டை) தாண்ட மூன்று, நான்கு வினாடி போதும். "இவர் எடுத்தார், அவருக்குத் தள்ளினார், இடதுபக்கம் நுழைகிறார்" என்று சொல்லி முடிக்கவே ஆறு வினாடி ஆனால், அதற்குள் ஷாட் அடித்து, கோல்கீப்பர் தடுத்து, பக் (ஹாக்கி வட்டு) மூலைக்குப் போயிருக்கும். அப்போது வர்ணனையாளருக்கு இரண்டே வழி: நடுவில் உள்ள பாஸ்களை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பின்னாலேயே துரத்த வேண்டும். விட்டுவிடுகிறவர் பிழைத்துக்கொள்வார். துரத்துகிறவருக்குத்தான் அரங்கம் கத்தி முடித்த பிறகு கோல் வரும்.

கேள்வி: எங்கள் அணியின் வர்ணனையாளரும் 30 வருடத்துக்கு மேல் இருக்கிறார். உண்மையிலேயே தரம் இறங்கிவிட்டதா, எனக்குத்தான் அலுத்துவிட்டதா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதிவு செய்த ஆட்டம் ஒன்றில் இரண்டாவது பீரியடை (மூன்று பகுதிகளில் நடுப்பகுதியை) மட்டும் எடுங்கள். காகிதத்தில் நான்கு கட்டம் போடுங்கள்: தப்பான பெயர், தாமதம், விட்டுப்போனது, ஸ்கோரும் மீதி நேரமும் சொல்லாதது. கூட்டத்தின் சத்தம் எழும்பி ஒரு வினாடிக்கு மேல் கழித்துக் கோல் என்றால் அது தாமதம். தப்பாகச் சொல்லி அதே மூச்சில் திருத்தினால் கணக்கில் சேர்க்காதீர்கள். கோலுக்கு முன்னால் நாலைந்து பேர் நெருக்கியடிக்கும்போது ஸ்டிக்கில் பட்டுத் திரும்பிய கோல்களையும் விட்டுவிடுங்கள். அதிகாரபூர்வ ஸ்கோரரே அந்தக் கோலை பிறகு வேறொருவர் பெயருக்கு மாற்றுவது சகஜம்.

பிறகு ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய அவருடைய ஆட்டம் ஒன்றை இதேபோல் எண்ணிப் பாருங்கள். வேறு அணியின் இளைஞரோடு ஒப்பிட்டால் அது வெறும் ரசனைச் சண்டை. அடுத்தடுத்த இரவு ஆட்டங்களில் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கவும் கூடாது. பயணக் களைப்பில் யாருக்கும் நாக்குப் புரளும். தப்புகளை மட்டும் வெட்டி ஒட்டிப் பரப்பும் ஒரு நிமிட வீடியோக்களை வைத்துத் தீர்ப்புச் சொல்லவே சொல்லாதீர்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு எல்லாக் கோலும் லேட்டாகத்தான் சொல்கிற மாதிரி இருக்கு. நண்பன் வீட்டில் பார்த்தால் சரியா இருக்கு. எப்படி?

அப்படியென்றால் பாவம், அவர்மேல் பழி இல்லை. பக் கண்ணாடித் தடுப்பில் மோதும் காட்சியைக் கவனியுங்கள். மோதும் 'டப்' சத்தமும் படத்துக்குப் பிந்தி வந்தால் உங்கள் கருவியில்தான் கோளாறு. பெரும்பாலும் சவுண்ட்பாரோ ப்ளூடூத் ஹெட்போனோ காரணமாக இருக்கும். டிவியின் ஒலி அமைப்பில் 'ஆடியோ டிலே' அல்லது 'லிப் சிங்க்' என்று இருப்பதை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தீராவிட்டால் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள்.

'டப்' சரியாக விழுந்து குரல் மட்டும் பிந்தினால் சந்தேகம் வர்ணனையாளர் பக்கம் போகும். அதிலும் ஒரு விலக்கு உண்டு. அவர் அரங்கில் இல்லாமல் ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துப் பேசுகிறார் என்றால், படம் அவரிடம் போய்ச் சேரும் தாமதமும் குரலில் ஏறிவிடும்.

கேள்வி: குரல் கணீரென்று இருக்கிறது. பெயர்தான் மாறி மாறி வருகிறது. மறதியா?

மறதிக்கு முன்னால் கண்ணைச் சந்தேகப்படுங்கள். வர்ணனைக் கூண்டு அரங்கத்தின் உச்சியில். கீழே 200 அடி நீளம், 85 அடி அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று பனி. அணிக்கு 18 ஸ்கேட்டர்கள் (கோல்கீப்பர் அல்லாத ஆட்டக்காரர்கள்) ஆட்டம் நிற்காமலே முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருப்பார்கள். முதுகு எண் பாதி நேரம் தெரியாது. ஸ்கேட் செய்யும் தோரணை, ஸ்டிக் பிடிக்கும் கை, உயரம் இவற்றை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். சொந்த அணியில் பிசகாது. எதிரணியில் நேற்றுதான் மைனர் லீகிலிருந்து வந்த பையனிடம்தான் சறுக்கல். அதற்குத்தான் காலைப் பயிற்சிக்கே போய் உட்கார்ந்து முகமும் நடையும் மனப்பாடம் செய்வது. வயதானவர்கள் முதலில் கைவிடுவதும் அந்தக் காலைப் பயிற்சியைத்தான்.

அடுத்த சிக்கல், காகிதத்தைப் பார்த்துவிட்டுப் பனியைப் பார்க்கும்போது கண் உடனே சரிப்படாதது. கண்புரை இருந்தால் பனியின் கூச்சமும் சேரும். பரிகாரம் எளிது: பெயர்களைப் பெரிய எழுத்தில், டிஃபன்ஸ் ஜோடிகளுக்கு ஒரு நிறம், ஃபார்வர்டு வரிசைகளுக்கு இன்னொரு நிறம் என்று ஒரே அட்டையில் எழுதிக் கண்மட்டத்தில் வைப்பது. பக்கத்தில் இருக்கும் புள்ளிவிவர உதவியாளர் பெயரை விரலால் தொட்டுக் காட்டுவது. இவ்வளவு செய்தாலே தப்புகளில் நல்ல பகுதி குறைந்துவிடும்.

கேள்வி: மூன்றாவது பீரியடில் குரல் கம்மிவிடுவது ஏன்?

வயதானால் குரல் நாண்கள் மெலிந்து முழுசாக மூடாது. காற்றுக் கசியும், ஆள் இன்னும் அழுத்திப் பேசுவார், அதிலேயே தொண்டை கட்டும். கவனிக்கப்படாத காரணம் ஒன்று: ஹெட்செட்டில் அவர் குரலே அவருக்குச் சரியாகக் கேட்காவிட்டால் தன்னையறியாமல் கத்துவார். ஒலிப் பொறியாளர் அந்த அளவைக் கொஞ்சம் கூட்டினாலே பாதி பாரம் இறங்கும். ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஸ்ட்ரா வழியாக 'ஊ' என்று ஊதிக் குரலைப் பதப்படுத்துவது, இடைவேளையில் தண்ணீர் குடித்துப் பேசாமல் இருப்பது, இதெல்லாம் குரல் பயிற்சியாளர்கள் சொல்வது. விளம்பரத்துக்குப் போகும்போது ஹெட்செட்டில் தயாரிப்பாளர் பேசுவது கேட்காமல் அவரும் பேசிக்கொண்டே இருக்கிறார் என்றால் குரலைவிடக் காதைச் சோதிப்பது நல்லது.

கேள்வி: கனடாவின் புகழ்பெற்ற ஹாக்கி வர்ணனையாளர் பாப் கோலும் கடைசியில் எட்வர்ட்ஸ் மாதிரி மெதுவாகிவிட்டார்தானே?

இல்லை, நேர் எதிர். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் 1933இல் பிறந்தவர், 1969இல் 'ஹாக்கி நைட் இன் கனடா' ஒளிபரப்பு நிகழ்ச்சிக்கு வந்தார். 1980 முதல் 2008 வரை முதன்மை வர்ணனையாளர், பிறகு அந்த இடம் ஜிம் ஹ்யூஸனுக்குப் போனது. பிற்காலத்தில் பாப் கோலின் மேல் வந்த புகார் பெயர்கள் பற்றியது. ஆனால் ஆபத்து நெருங்க நெருங்கக் குரல் ஏறும் அந்தக் கணக்கு அவருக்குக் கடைசிவரை தப்பவில்லை. 2018 பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் கோப்பைச் சுற்றுகள்) முதல் சுற்றில் அவருக்கு ஆட்டம் தராதபோது எழுந்த எதிர்ப்புக்குக் காரணம் அதுதான். 2019 ஏப்ரல் 6 அன்று மான்ட்ரியலில் டொரண்டோவுக்கு எதிரான ஆட்டத்தோடு விடைபெற்றார். டிவியில் பெயர் தப்பினால் படம் காப்பாற்றும், தாளம் தப்பினால் எதுவும் காப்பாற்றாது. ரேடியோவில் இரண்டுக்குமே மன்னிப்பில்லை. அதனால் 'வயதாகிவிட்டது, ரேடியோவுக்கு மாற்றுங்கள்' என்பது தலைகீழ் யோசனை.

கேள்வி: அப்படியானால் சேனல் என்ன செய்யலாம்?

சீசனில் உள்ளூரில் நடக்கும் பாதி ஆட்டங்களை மட்டும் கொடுக்கலாம். அடுத்தடுத்த இரவுகளில் ஒன்றைக் குறைக்கலாம். பஃபலோ சேபர்ஸ் அணியின் வர்ணனையாளர் ரிக் ஜேனரே 2014இல் தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின்னும் திரும்பிவந்து, ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டு 2022 வரை பேசினார். 1971இல் தொடங்கியவர்! இந்த ஏற்பாட்டை சீசன் தொடங்குமுன் அறிவிக்க வேண்டும். நடு சீசனில் செய்தால் தண்டனை மாதிரி தெரியும்.

கேள்வி: சேனலுக்கு எழுதினால் படிப்பார்களா?

"ஆளை மாத்து" என்று எழுதினால் படிக்க மாட்டார்கள். தேதி, பீரியட், கடிகாரத்தில் மீதி நேரம், அவர் சொன்னது, நடந்தது என்று மூன்று இடம் குறிப்பிடுங்கள். கேபிளா, ஆப்பா என்பதையும் எழுதுங்கள். நோய் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

கேள்வி: பிளேஆஃப் இரண்டாம் சுற்றில் எங்கள் ஆளின் குரலே இல்லை. தூக்கிவிட்டார்களா?

இல்லை. அமெரிக்காவில் உள்ளூர் சேனல்களுக்கு முதல் சுற்று வரைதான் உரிமை. அதற்கு மேல் தேசிய ஒளிபரப்பாளர்களுக்கு மட்டும். ரேடியோவில் உள்ளூர் வர்ணனை கடைசிவரை தொடரும்.