பேஜ்மேக்கர் ஃபைல்களுக்காக எக்ஸ்பியை ஓட்டலாமா?

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 2003 முதல் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த வேலைகள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய கணினிதான் பழுதாகிவிட்டது. விண்டோஸ் 11 கணினிக்குள்ளேயே எக்ஸ்பியை ஓட்டி அவற்றைத் திறக்க முடியுமா? (சிவகாசி வாசகர்)

பதில்: முடியும். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸை இலவசமாக இறக்கி நிறுவி, 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி வகையில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (அந்த உள் கணினி) உருவாக்குங்கள். 1 ஜிபி ரேம், ஒரு பிராசசர், 20 ஜிபி டிஸ்க் தாராளம். டிஸ்க் கன்ட்ரோலரை (டிஸ்க் இணைப்பு முறை) பழைய வகையான ஐடிஇ-யிலேயே விட்டுவிடுங்கள். வேகம் கூடும் என்று நினைத்து புதிய வகையான சாட்டாவுக்கு மாற்றினால், அதற்கான டிரைவர் எக்ஸ்பி சிடியில் இல்லாததால் டிஸ்க்கே இல்லை என்று நின்றுவிடும். நிறுவிய பிறகு மாற்றினால் நீலத் திரைதான் வரும்.

புதுக் கணினியில் சிடி டிரைவ் இல்லையென்றால், டிரைவ் உள்ள வேறொன்றில் சிடியை ஐஎஸ்ஓ ஃபைலாக (சிடியின் முழு நகல்) எடுத்து வந்து இணைக்கலாம். தனியாக விலைக்கு வாங்கிய எக்ஸ்பி சிடி வேண்டும். பழைய கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது.

அடுத்தது எழுத்துருக்கள். இதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தார்கள். எழுத்துரு இல்லாமல் ஃபைலைத் திறந்தால், வேறொன்றை வைக்கட்டுமா என்று பேஜ்மேக்கர் கேட்கும். சரி என்றால் பக்கம் முழுக்க ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். அந்த நிலையில் தயவுசெய்து சேவ் செய்யாதீர்கள். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து, எக்ஸ்பிக்குள் முதலில் எழுத்துருக்களை நிறுவுங்கள். ஃபைல்களைப் பிறகு திறக்கலாம்.

எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டன. அதற்கு இன்டர்நெட் கொடுக்கவே கூடாது. விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் அமைப்பில் 'நாட் அட்டாச்டு' என்று வையுங்கள். விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸை எக்ஸ்பிக்குள் நிறுவினால், இரு பக்கமும் ஃபைல்களைப் பகிரும் ஷேர்டு ஃபோல்டர் கிடைக்கும்; அது இன்டர்நெட் இல்லாமலே வேலை செய்யும். அடிஷன்ஸ் ஏற மறுத்தால் பென் டிரைவ் போதும். ஆனால் அது ஃபேட்32-இல் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும். எக்ஸ்ஃபேட்டை எக்ஸ்பி தானாகப் படிக்காது.

வேலையை வெளியே கொண்டுவர, எக்ஸ்பிக்குள் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுக்கான பக்க மொழி) பிரின்டர் டிரைவரை நிறுவி, எழுத்துருக்களும் உள்ளே சேரும்படி ஃபைலாக பிரின்ட் கொடுங்கள். அதை விண்டோஸ் 11-இல் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் பிடிஎஃப் ஆக்கிவிடும். எல்லாம் சரியானதும் எக்ஸ்பியை ஷட்டவுன் செய்து, விர்ச்சுவல் மெஷினின் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். மெஷினின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை நம்பி இருக்காதீர்கள். மூல டிஸ்க் ஃபைல் கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் போச்சு.

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப்பில், விர்ச்சுவல்பாக்ஸுக்குள் உபுண்டு 24.04 (லினக்ஸ்) போட்டேன். நகரவே மாட்டேன் என்கிறது. கீழே ஒரு பச்சை ஆமைப் படம் தெரிகிறது. (நெல்லை மாணவி)

பதில்: உங்கள் சிக்கலை அந்த ஆமையே சொல்கிறது. விர்ச்சுவல் மெஷின்களை வேகமாக ஓட்ட உதவும் பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியை, விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பான ஹைப்பர்-வி முதலில் பிடித்துக்கொண்டது. விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் ஓட வேண்டியிருக்கிறது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டாக்கரும், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-உம் இவற்றை நம்பி ஓடுபவை, அவை நின்றுவிடும். அப்போதும் ஆமை போகவில்லையென்றால் 'மெமரி இன்டெக்ரிட்டி' காரணமாக இருக்கலாம். அது விண்டோஸின் ஒரு பாதுகாப்பு வசதி. வேகத்துக்காக அதை நிரந்தரமாக அணைத்துவைப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

ரேமையும் கவனியுங்கள். உபுண்டுவுக்கு 4 ஜிபி, இரண்டு பிராசசர், 25 ஜிபி டிஸ்க் தேவை. மீதி 4 ஜிபியில் விண்டோஸும் பிரௌசரும் சேர்ந்து ஓடினால் இரண்டுமே திணறும். உங்கள் லேப்டாப்புக்கு 2 முதல் 3 ஜிபியில் ஓடும் சுபுண்டு (உபுண்டுவின் இலகுவான வடிவம்) பொருத்தம்.

கேள்வி: விர்ச்சுவல் மெஷினை ஸ்டார்ட் செய்தாலே 'விடி-எக்ஸ் டிசேபிள்டு' என்று பிழை வருகிறதே? (ஈரோடு வாசகர்)

பதில்: விடி-எக்ஸ் என்பது இன்டெல் பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதி. கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் அது அணைந்திருக்கிறது. கணினியை ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையை அழுத்தி உள்ளே போய், 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்பதை எனேபிள் செய்து சேவ் கொடுங்கள். ஏஎம்டி பிராசசரில் இதன் பெயர் 'எஸ்விஎம் மோட்'. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு-வைச் சொடுக்கினால், விர்ச்சுவலைசேஷன் எனேபிள் ஆகிவிட்டதா என்று அங்கேயே தெரியும்.